தென்கிழக்கு மூலையில் ஒரு குளம்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய நூலகத்தின் மாடியில் உட்கார்ந்தபடி மூன்று வருஷமாகத் தாமிரபரணியில் போய் வந்துகொண்டிருக்கிறேன். இதுவரை கால் நனைந்ததில்லை. காலையில் பொதிகையில் இறங்கினால் பாபநாசத்தில் திரும்பி, கல்லிடைக்குறிச்சிப் படித்துறைகளைத் தாண்டி, சேரன்மகாதேவியில் கொஞ்சம் நின்று, மதியச் சாப்பாட்டுக்குள் புன்னைக்காயலில் கடலைப் பார்த்துவிடுவேன். எல்லாம் தாளில்தான். எங்கள் தாத்தாமார் பிறப்பதற்கு முன்னால் அச்சான வரைபடங்கள் அவை. முதுகில் துணி ஒட்டி, எட்டாய்ப் பத்தாய் மடித்து, கட்டுக் கட்டாக அலமாரியில் கிடந்தவை.

பள்ளியில் பூகோளம் நடத்தி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். பழைய வரைபடங்களைப் படம் பிடித்து இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடி வந்து சேர்ந்துகொண்டேன். இங்கே நாங்கள் இரண்டே பேர். இன்னொருவர் மேலப்பாளையத்துக்காரர், என் வயதுதான். முன்பு கல்யாணங்களுக்குப் படம் பிடித்தவர். “மாப்பிள்ளைக்கு இது எவ்வளவோ மேல் டீச்சர், அசையாம படுத்துக் கெடக்கு” என்பார்.

அசையாமல் படுப்பதற்கு முன் அந்தத் தாள்கள் படுத்தும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். பிரித்தால் மடிப்புகள் விறைத்து நிற்கும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, லேசாக ஈரம் காட்டி, மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பாரம் ஏற்றி இரண்டு நாள் விட வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் முரண்டெல்லாம் போய், படிந்து கிடக்கும். பிறகு விளக்கைப் போட்டு, மேலேயிருந்து பகுதி பகுதியாகப் படம் பிடித்துக் கணினியில் ஒன்றாக இணைப்போம்.

அந்தத் தாள்களுக்குள் ஒரு ஆள் கிடையாது. சாலை இருக்கிறது, யாரும் போவதில்லை. சத்திரம் இருக்கிறது, யாரும் தங்குவதில்லை. பனங்காட்டுக்குக் குட்டிக் குட்டியாய்ப் பனை போட்டிருப்பார்கள். அதன் அடியில் நிழல்கூட உண்டு. எந்த நாள் என்று சொல்ல முடியாத ஒரு மதியம் அங்கே ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. நான் அதற்குள் போய்விடுவேன். ஒரு குளத்தங்கரையில் ஏறி மறுகரையில் இறங்கி, அடுத்த ஊருக்குள் நுழைவேன். சாப்பாட்டு டப்பா திறக்காமலே மணி மூன்றாகியிருக்கும். பக்கத்து நாற்காலியிலிருந்து “எந்த ஊர்ல இருக்கிய?” என்று குரல் வரும். ஊர்ப்பெயரைச் சொல்வேன்.

கனவு காண்கிறவள் கவனமில்லாதவள் என்று யாரும் நினைக்கக் கூடாது. அளவில் பிசகாதவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. கேட்டால் இல்லை என்பேன்.

படம் பிடித்ததும் அடுத்த வேலை, பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துவது. அன்றும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, தாளில் ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் வைத்து இரண்டையும் கட்ட வேண்டும். எங்களுக்குள் அதற்கு ஆணி அடிப்பது என்று பெயர். ஆற்றை நம்ப முடியாது, வளைவை மாற்றிக்கொள்ளும். குளம் தூர்ந்துபோகும். சாலையை நிமிர்த்திவிடுவார்கள். அணைக்கட்டு நல்லது. கோபுரம் நல்லது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேதக்கோயில் கோபுரம்; கிறிஸ்தவ தேவாலயத்துக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். மிஷன் வழி வந்த குடும்பம் எங்களுடையது. எந்த ஊரில் எந்தக் கோயில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அடித்த ஆணி அசையாது.

திசையன்விளைப் பக்கத்துத் தாள் ஒன்று வந்தது. பாதிக்கு மேல் தேரி, செம்மண் காடு. மற்ற மூலைகளுக்கு ஆணி கிடைத்துவிட்டது. தென்கிழக்கு மூலையில் மட்டும் ஒன்றும் சிக்கவில்லை. ஒரு சிறிய ஊர், ஒரு கோயில் குறி, அதற்கு மேற்கே ஒரு குளம், அவ்வளவுதான். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அந்த ஊரில் வெள்ளையாக ஒரு கோயில் கூரை. எனக்கு அந்தக் கோயில் தெரியும். சிறுமியாய் இருந்தபோது அங்கே அசனத்துக்குப் போய், சபையார் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிட்டிருக்கிறேன். சந்தோஷமாக ஆணியை அடித்தேன். ஓரத்தில் ஒரு வண்டிப்பாதை கொஞ்சம் விலகி நின்றது. அந்தக் காலத்து அளவைக்காரர்களுக்கு வெயில் தாங்கவில்லைபோல என்று சிரித்துக்கொண்டே அந்தத் தாளை இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு அம்மாள் மாடியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதை எடுத்துவைக்க மறந்து பஸ் ஏறியிருக்கிறார். பையிலிருந்து ஒரு கலர் அச்சை எடுத்து என் முன்னால் விரித்தார். நான் பொருத்திய படம். நீலக் குளத்துக்குள் யாரோ சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

“இதப் போட்டது நீங்கதானா டீச்சர்? கீழ கேட்டேன், மாடியில டீச்சர்னு சொன்னாவ.”

“நான்தான்.”

“இந்த வட்டத்துக்குள்ள உள்ளது என் வீடு.”

தூர்ந்துபோன குளங்களை மீட்க வேண்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவோடு எங்கள் படம். அதை வைத்து தாலுகா ஆபீஸிலிருந்து அந்த அம்மாளுக்கு நோட்டீஸ், திங்கட்கிழமை விசாரணை. கணவர் இறந்தபின் துணி தைத்துத் தைத்துக் கட்டிய இரண்டு அறை வீடு. அந்தப் பக்கம் வேறு வீடே கிடையாது, உடைமரமும் பனையும்தான்.

“பட்டா இருக்குன்னேன். குளத்துக்குள்ள உள்ள பட்டா செல்லாதுங்காவ. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அங்கன தண்ணி நின்னு கண்டதில்ல டீச்சர். பெருமழைக்குக்கூட எங்க பக்கம் மண்ணு குடிச்சிட்டு. கோயிலச் சுத்தித்தான் முட்டளவு நின்னுச்சு.”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கர்வம் காதை அடைத்திருந்தது. “கோயில வச்சுத்தாம்மா பொருத்தியிருக்கேன். தப்பு வர வழியில்ல” என்றேன்.

“எந்தக் கோயில? பழைய கோயிலையா, இப்பம் உள்ளதையா?”

மேலப்பாளையத்துக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். “ரெண்டு கோயிலா?” என்றேன்.

பழைய கோயிலைத் தேரி மண் மூடிவிட்டதாம். காற்றடிக்கும் காலமெல்லாம் மண் ஏறி ஏறி, ஜன்னல் வரை வந்ததும் ஊரே மேற்கே அரை மைல் தள்ளி வந்து புதுக் கோயில் கட்டிக்கொண்டது. இந்தக் கதை அந்தச் சபையில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அசனத்துக்கு முந்தின நாள் எல்லோரும் பழைய இடத்துக்கு நடந்து போய், ஒரு பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டு, அங்கிருந்து ஆளுக்கொரு கைப்பிடி மண் எடுத்துவந்து புதுக் கோயில் வாசலில் போடுவார்கள். நான் மறுநாள் சாப்பாட்டுக்கு மட்டும் போனவள்.

“எங்க பள்ளிவாசல ரெண்டு தடவ எடம் மாத்திக் கட்டியிருக்கு டீச்சர். எங்ககிட்ட கேட்டிருக்கலாம்லா?” என்றார் பக்கத்திலிருந்தவர். அவர் கேலி செய்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

மறுநாளே திசையன்விளை பஸ்ஸில் ஏறினேன். ஊர் எல்லையிலிருந்து பழைய கோயில் இருந்த இடத்துக்கு அந்த அம்மாள் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னார். இல்லையென்றால் மண் இழுத்துக்கொள்ளும். செம்மண்ணில் பாதம் புதைவதும் எழுவதுமாக, சத்தமே இல்லாத ஒரு நடை. காற்று மண்ணைச் சன்னமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. நாங்கள் வந்த அடிச்சுவடுகள் நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மழுங்கிப்போயின. தாளுக்குள் நான் இத்தனை நாள் நடந்த இடம் இதுதானா, இப்போதும் தாளுக்குள்தான் இருக்கிறேனா என்று ஒரு நொடி தடுமாறிவிட்டது. பனை அடியில் அதே நிழல்.

“இங்கன” என்று குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார். காரை பூசிய ஒரு கல்வரிசை தெரிந்தது. ஒரு சாண் தள்ளினால் ஒரு விரற்கடை திரும்ப மூடிக்கொண்டது. அவர் தள்ளத் தள்ள, நான் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

மாடிக்குத் திரும்பி வந்து, புதுக் கோயிலில் அடித்திருந்த ஆணியைப் பிடுங்கி, மண்ணுக்கடியில் இருந்த அந்தக் கல்லில் அடித்தேன். திரையில் அந்த மூலை மட்டும் மெல்ல நெகிழ்ந்து நகர்ந்தது. வண்டிப்பாதை இன்றைய தார்ச்சாலைமேல் கச்சிதமாகப் போய்ப் படிந்தது. அளவைக்காரர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. குளம் அந்த அம்மாளின் வீட்டைவிட்டு இறங்கி, உடைமரங்களைக் கடந்து, கிழக்கே அரை மைல் மிதந்து போய் நின்றது. அது நின்ற இடத்தில், நட்ட நடுவே, வெள்ளையாக ஒரு கூரை. ஊர் இடம் மாறியபோது குளம் ஏற்கெனவே தூர்ந்திருக்க வேண்டும். மேடு பள்ளம் இல்லாத நல்ல தரை என்று அங்கே புதுக் கோயிலைக் கட்டிவிட்டார்கள்.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது, நீலத்துக்கு நடுவே வெள்ளை. பிறகு போன் செய்து சொன்னேன்.

“வீடு தப்பிச்சுட்டும்மா. ஆனா குளம் கோயில் இருக்க எடத்துல வருது.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. “அதச் சொல்லணுமா டீச்சர்?”

“கேட்டா சொல்லணும்.”

“கேக்கலன்னா?”

இந்தக் கேள்விக்கு ஒரு பூகோள டீச்சர் என்ன பதில் சொல்ல வேண்டுமோ அதை நான் சொல்லவில்லை. “கேக்கலன்னா நானும் வாயத் திறக்கல” என்றேன். தவறு என்னுடையது, தண்டனை அவருடைய கோயிலுக்கு ஏன் என்று எனக்குள் சமாதானம் செய்துகொண்டேன். வீடு இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கி ஒரு அச்செடுத்தேன். அதில் கோயிலும் இல்லை, குளமும் இல்லை. வெறும் பனங்காடும் ஒரு கூரையும். முழுத்தாளை இணையத்தில் ஏற்றுவதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். முழுத்தாளிலும் ஒரு அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன், கேட்டால் காட்டுவதற்கு. கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் ஜெபித்தேன், அதுவும் அந்த அம்மாள் போகும் கோயிலின் ஆண்டவரிடமே.

தாலுகா ஆபீஸில் மின்விசிறி மேசைத் தாள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி நல்ல மனிதர். என் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். படம் தவறாகப் பொருத்தப்பட்டது, தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதியிருந்தேன். அச்சைப் பார்த்தார். நோட்டீஸின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“சரிம்மா, வீடு வெளியதான் இருக்கு. நீங்க போகலாம்.”

அவ்வளவுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து பையை எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் எழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் தோளைத் தொட்டேன். அசையவில்லை.

“சார், அப்பம் அந்தக் குளம் எங்கன இருக்குன்னு நீங்க கேக்கலியே” என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார்.

“எங்க கோயிலு அதுக்குள்ளதான் இருக்கு. எனக்காவ டீச்சர் அத வெட்டிட்டாவ, அவிய மேல தப்பு சொல்லாதீய. அத மறச்சுட்டு ஞாயித்துக்கெழம அங்கன போயி நான் எப்படி சார் முழங்கால் போட?”

வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்கார்ந்தேன். பையிலிருந்து முழுத்தாளை எடுத்து மேசையில் விரித்தேன். மின்விசிறிக் காற்றில் அது எழுந்து எழுந்து அடித்தது. அந்த அம்மாள் ஒரு கையால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலைக் கோயில்மேல் வைத்துக் காட்டினார்.