கரண்ட் போகாத ஊர்

எங்கள் குவார்ட்டர்ஸில் கம்ப்யூட்டரைப் போட்டால், மற்ற வீடுகளில் வருவதுபோல முதலில் கம்பெனி முத்திரை வராது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோணல் எழுத்தில் "அப்பா, சாப்டியா?" என்று வரும். பக்கத்தில் தொப்பை வைத்த ஒரு மனிதர் ஹெல்மெட்டோடு சைக்கிள் மிதிப்பார். சில நொடிகள்தான். அப்புறம் மற்றதெல்லாம் வழக்கம்போல வரும்.

வரைந்தது எங்கள் மகள். ஒரே பெண். வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் பாகம் பாகமாக வாங்கி அவளே பொருத்திய கம்ப்யூட்டர் அது. அவள் அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், இட்லி ஆறிக் கல்லாகும்வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அவள் கத்தவில்லை. இந்தப் படத்தை வரைந்து உள்ளே வைத்துவிட்டாள். அதை முதல் தடவை பார்த்த அன்றைக்கு இவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டது. "தொப்பையக் கொஞ்சம் கொறச்சு வரைஞ்சிருக்கலாம்ல" என்று கேட்டுக்கொண்டே வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

போன வருடம் காய்ச்சல் வந்து, ஒரு வாரத்தில் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அதற்குப் பிறகு இவர் காலையில் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே போய்க் கம்ப்யூட்டரைப் போடுவார். படம் வந்ததும் "சாப்ட்டேம்மா" என்பார். உடனே அணைத்துவிடுவார். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். பிறகு நானும் அந்த நேரத்துக்கு அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதவோரம் நிற்க ஆரம்பித்தேன். பெண் போய்விட்டாலும் அவள் கேள்வி தினமும் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

இவருக்கு ஒரு குணம். நன்றாக ஓடுகிற மெஷினையும் நேரம் வந்தால் நிறுத்திப் பராமரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் காலை வாரிவிடும் என்பார். பிளான்ட்டில் வருஷா வருஷம் அப்படித்தான் ஓவர்ஹால் செய்வார்களாம். மே மாதம் ஒரு மதியம், மகளின் போட்டோக்களைப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருந்தார். கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்குள் இருக்கும் புரோகிராமுக்குப் புதியது வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாம் என்று திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. இவருக்கு அது ஓவர்ஹால் நோட்டீஸ். மகளின் மெஷினைக் கவனிக்காமல் விடுவாரா?

ஏற்றும்போது கரண்ட் போகக் கூடாது என்று எச்சரிக்கையும் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தார். "நம்ம ஊர்லயா? ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புறவன்கிட்டயே சொல்றான் பாரு" என்று சொல்லிக்கொண்டே, ஏற்றச் சொல்லிப் பட்டனை அழுத்தினார். யூ.பி.எஸ். வாங்கலாம் என்று மகள் கேட்டபோதும் இதே பதில்தான். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இன்வெர்ட்டர் கிடையாது. கரண்ட் போவதெல்லாம் சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் தங்கை வீட்டுச் சங்கதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பாதி ஏறியிருக்கும்போது கோடைக் காற்று சுழற்றி அடித்தது. தெருமுனை வேப்பமரக் கிளை ஒடிந்து ஒயர்மேல் விழுந்தது. தலைக்கு மேல் ஃபேன் நின்றது. கரண்ட் சீக்கிரமே திரும்பிவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை.

பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கேபிளை மாற்றினார். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்துச் செருகினார். போர்டில் இருந்த வட்ட பேட்டரியை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். ஒவ்வொரு தடவையும் ஸ்விட்சை அழுத்திவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோவார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் வைகிற நான் அன்று டார்ச்சை எடுத்து வந்து பெட்டிக்குள் வெளிச்சம் காட்டினேன்.

மறுநாள் காலை பஜாரில் இருக்கும் ரிப்பேர் கடைக்கு ஸ்கூட்டரில் எடுத்துப் போனோம். கடைக்காரர் காடாம்புலியூர்ப் பக்கத்துக்காரர். "பயப்படாதீங்கம்மா, டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குது. ஏத்திகினு இருக்கும்போது கரண்ட்டு போயிடுச்சில்ல, அதான் போர்டுல இருக்கற சிப்பு பாதியில நின்னுகினு இருக்குது. புதுசா எழுதிட்டா ஓடிடும்" என்றார்.

"போட்டதும் மொதல்ல ஒரு படம் வரும். எம்பொண்ணு வரைஞ்சது. அது மட்டும் எனக்கு வேணுங்க" என்றார் இவர்.

"படமெல்லாம் டிஸ்க்குல இருக்குங்க. எங்கயும் போவாது."

அந்த வார்த்தையை நம்பி இவர் அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார்.

சாயங்காலம் போனபோது கம்பெனி முத்திரை பளபளவென்று வந்தது. பின்னாலேயே திரைக்குப் பின்னணியாக அவள் வைத்திருந்த பூப்படம், அவள் வேலை பார்த்த ஃபைல்கள், போட்டோக்கள், எல்லாம் வந்தன. ஒன்று குறையவில்லை. கடைக்காரர் சந்தோஷமாக எங்களைப் பார்த்தார்.

"மொதல்ல வர்ற படம்?" என்றார் இவர்.

கடைக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்காலியை இழுத்து இவரை உட்காரவைத்தார். "சிப்புக்குள்ளயே வச்சிருந்துதுங்களா அந்தப் பொண்ணு? நான் இந்தப் பூப்படத்தத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேங்க." டிஸ்க் முழுக்கத் தேடினார். அவள் வரைந்த மூலப் படம் எங்குமே இல்லை. கடைசியில், தயங்கித் தயங்கிச் சொன்னார். "கரண்ட்டு போவலன்னாலும் அது போயிருக்குங்க. புதுசு ஏறுச்சின்னா பழசு மொத்தமும் அழிஞ்சிடும்."

செல்லில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. தினமும் வீட்டுக்கு வருகிறவளை யார் போட்டோ எடுத்து வைப்பார்கள்?

வீட்டுக்கு வந்து பெட்டியை அதே மேஜையில் வைத்தோம். இவர் அதைப் போடவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அவளுக்குக் கொள்ளி வச்சதும் இந்தக் கைதான்" என்றார். "மிச்சம் இருந்ததையும் இதுவே அழிச்சிடுச்சு."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.