சாமி பெயர் எழுதிய லோடு வண்டி

என் அத்தையின் கணவரான மாமாவுக்கு வண்டி பார்க்கத் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் சொந்தமாக எந்த வண்டியும் வைத்திருந்ததில்லை. ஒரு சைக்கிள் இருந்தது, அதையும் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போவார். ஆனாலும் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் யார் பழைய டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ வாங்கினாலும் மாமா வந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். மாமா முதலில் நம்பர் பிளேட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து எண்களைக் கூட்டிப் பார்ப்பார். பிறகு கதவைத் திறந்து சாத்திச் சத்தம் கேட்பார். ஹாரனை இரண்டு தரம் அடிப்பார். அதன்பின் "எடுக்கலாம்" என்பார். எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அப்பா ஒரு லோடு வண்டி வாங்குவது என்று முடிவு செய்தார். எங்களுடையது வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் மக்காச்சோளமும் மழையின் மனநிலையைப் பொறுத்து விளையும். விளைந்ததை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரர் மட்டும் எந்த வருஷமும் நஷ்டப்பட்டதில்லை என்பதை அப்பா கவனித்திருந்தார். அந்த வண்டிக்காரராக நாமே இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதற்காகத் தெற்குப் புஞ்சையை விற்றார். எங்களிடம் இருந்த நிலங்களில் அதுதான் நல்ல நிலம், அதனால்தான் உடனே விலைபோனது. கிரயம் முடிந்த அன்றிலிருந்து அந்தப் பக்கமாகப் போகும் பாதையில் அம்மா நடப்பதில்லை.

வண்டியை எங்களுக்கு விற்றவர் அருப்புக்கோட்டையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தவர். அப்பா பல வருஷங்களாகப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வாங்கிய கடை. எடையில் ஒரு குறை வந்ததில்லை. அவர் தன் கடைக்கு ஓட்டிய வண்டியைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அம்மா மட்டும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்டாள்.

"இத்தன வருசமாப் பழகுன மனுசன் வீட்டுக்கு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போயி நின்னா, அவுகள நம்பலன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார் அப்பா.

மாமாவைக் கூட்டிக்கொண்டு போவதில் அந்த அவமரியாதை இல்லை. மாமா நம்பர் பிளேட்டைக் கூட்டினார், ஒன்பது வந்தது. கதவைச் சாத்தினார், ஹாரன் அடித்தார், எடுக்கலாம் என்றார். கடைக்காரர் சிரித்த முகத்தோடு, "ஒரு கொறையும் இல்ல தம்பி. குடுக்கப்போறமேன்னு அடியிலகூடப் புதுப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்கேன்" என்றார். யாரும் பார்க்காத இடத்துக்கும் பெயிண்டு அடிக்கிற மனிதர் எவ்வளவு நேர்த்தியானவர் என்று அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன்.

அந்தப் பருத்திப் பருவம் முழுக்க வண்டி நன்றாக ஓடியது. பருத்தி பார்வைக்கு மலைபோல் இருக்குமே தவிர கனம் கிடையாது. வண்டியைவிட இரண்டு மடங்கு உயரத்துக்குத் தாட்டு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு அப்பா போவார். நான் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளிடம் அது எங்கள் வண்டி என்று சொல்லாத நாளே இல்லை. பிறகு மக்காச்சோளம் வந்தது. ஒரு சனிக்கிழமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது நானும் முன்சீட்டில் இருந்தேன். கண்மாய்க்கரை வளைவில் அடியிலிருந்து மடார் என்று ஒரு சத்தம். வண்டி இடதுபக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. எனக்கு வந்த பயத்தில் அழுகைகூட வரவில்லை. கதவு வழியாகப் பார்த்தால் கண்மாய் நேரே கீழே இருந்தது.

வரவழைத்த மெக்கானிக் அடியில் படுத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் பெயிண்டைச் சுரண்டினார். வண்டியின் மொத்தக் கனத்தையும் தாங்குகிற அடிச்சட்டத்தை அவர் சேஸ் என்றார். அது முன்பே ஒருமுறை முறிந்திருக்கிறது, முறிந்த இடத்தை வெல்டு வைத்து ஒட்டி, அதன்மேல் பெயிண்டு அடித்திருக்கிறார்கள் என்றார். அப்பாவும் கீழே படுத்துப் பார்த்தார். வெளியே வந்தவர் சட்டையைக்கூடத் தட்டிவிடவில்லை.

அன்றைக்கே வண்டியை இழுத்துக்கொண்டுபோய்க் கடைக்காரர் வாசலில் நிறுத்திவிடுவது என்றுதான் அப்பா இருந்தார். நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாமா குறுக்கே வந்துவிட்டார்.

"அவசரப்படாத மாப்ளே. வண்டி வந்து இத்தன மாசமாச்சே, கொலசாமிக்குக் கொண்டுபோயிக் காட்டுனியா?"

அப்பா காட்டவில்லை. பருத்தி மும்முரத்தில் தள்ளிப் போட்டிருந்தார்.

"அதான். வேறென்ன?" என்றார் மாமா.

வீட்டில் அதற்கு மறுபேச்சு இல்லை. மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவர் காட்டியதைவிட மாமா காட்டிய காரணம் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். சாமி கோபத்தைத் தணிக்க வழி உண்டு, கடைக்காரரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதற்குத்தான் வழி தெரியவில்லை. முறிந்த இடத்தில் மறுபடி வெல்டு வைத்து, வண்டியைக் குலசாமி கோயிலுக்கு ஓட்டிப்போனோம். கிடா வெட்டினோம். சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டார்கள். ஒரு பெயிண்டர் வந்து வண்டியின் நெற்றியில் சாமி பெயரைச் சிவப்பில் எழுதினார். பின்கதவில் என் பெயரையும் தம்பி பெயரையும் மஞ்சளில் எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும் போட்டார். மூத்தவள் என்பதால் என் பெயர் முதலில் வந்தது. அதற்காகத் தம்பி கோயிலிலேயே புரண்டு அழுதான். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் அதுவரை வந்ததில்லை.

சாமி பார்த்த பிறகு ஏற்றிய முதல் மக்காச்சோள லோடிலேயே வெல்டு மறுபடியும் விட்டது.

இந்த முறை அப்பா மாமாவிடம் கேட்கவில்லை. எனக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்க வேண்டியிருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். வக்கீல் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடலாமா என்று அப்பா கேட்டார். யாரோ பஸ்ஸில் சொல்லிக் கேட்டிருந்தார்.

"அது கடையில வாங்குனதுக்குண்ணே. அவுக தீவனம் விக்கிறவுக, வண்டி விக்கிறது அவுக தொழில் கெடையாது. சொந்த வண்டிய ஒருத்தர் இன்னொருத்தருக்குக் குடுத்தா அந்தக் கோர்ட்டு கேக்காது. வாங்குறவுகதான் பாத்து வாங்கணும்" என்றார் வக்கீல்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. வக்கீல் அவசரமாகத் தொடர்ந்தார்.

"ஆனா தெரிஞ்சே மறைச்சா அது வேற. கொறையில்லன்னு வாயால சொல்லி, ஒடசல் மேல பெயிண்டையும் அடிச்சிருந்தாகன்னா அது ஏமாத்து. எனக்கு வண்டி வேணாம், பணத்தத் திருப்பிக் குடுங்கன்னு தாராளமாக் கேக்கலாம். ஒடசல் தெரிஞ்சப்பெறகு வண்டிய என்ன செஞ்சீக?"

"கெடா வெட்டுனோம்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாமி பேரு எழுதுனோம். பிள்ளைக பேரையும் எழுதுனோம். அப்புறம் லோடு ஏத்துனோம்" என்று அப்பா மறைக்காமல் சொன்னார்.

ரோஜாப்பூவை விட்டுவிட்டாரே என்று நான் "பூவும் போட்டோம்" என்றேன். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். குறை இருப்பது தெரிந்த அன்றே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எனக்கு இது வேண்டாம் என்று எழுத்தில் அனுப்பியிருக்க வேண்டுமாம். குறை தெரிந்த பிறகும் ஒருவர் அதில் பிள்ளைகள் பெயரை எழுதி லோடு ஏற்றினால், இருக்கிறபடியே இது என் வண்டி என்று அவர் ஏற்றுக்கொண்டதாகத்தான் எதிர்த்தரப்பு பேசும். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. இனி ரிப்பேருக்கான செலவையும் நஷ்டத்தையும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் அவருக்கு முன்பே தெரியும் என்று காட்ட வேண்டும், காலம் பிடிக்கும் என்றார். அப்பா நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்தார். என் மஞ்சள் எழுத்து இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

நோட்டீஸ் கிடைத்ததும் கடைக்காரர் தானே வீடு தேடி வந்தார். கையில் ஒரு பழப்பை இருந்தது. அம்மா காப்பி கொடுத்தாள். வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் சண்டை போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. தனக்கு எதுவுமே தெரியாது, பெயிண்டு அடித்த பையன் வேலையாக இருக்கும் என்று அவர் சொன்னார். சொல்லும்போது அப்பாவைப் பார்க்காமல் எங்கள் பசுமாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பேர்ச் செலவைத் தந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். எழுந்தவர் வண்டியின் முன்னால் போய் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வண்டியவே எடுத்துக்கிறேன்னு சொல்லத்தான் தம்பி வந்தேன். ஒங்க சாமி பேர எழுதிட்டீகளே. அத அழிச்ச பாவம் எனக்கு எதுக்கு?"

சட்டமும் சாமியும் ஒரே பக்கம் நின்றுவிட்டார்கள், அது எங்கள் பக்கம் இல்லை. அப்பாவும் அதற்குமேல் கோர்ட்டுக்குப் போகவில்லை. ரிப்பேர்ப் பணம் வந்தது. இரும்புப் பட்டை வைத்து வெல்டு போட்டார்கள். பாரம் ஏற்றாதீர்கள், இலேசான சரக்கு என்றால் ஓடும் என்று மெக்கானிக் சொன்னார். பாரம் ஏற்றாத லோடு வண்டியை வைத்துக்கொண்டு வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி என்ன செய்வது? அடுத்த பருத்தி முடிந்ததும் அப்பா அதை விற்கத் துணிந்தார்.

சாமி பெயரை அப்பாவே ஒரு வெள்ளிக்கிழமை சூடம் காட்டிவிட்டுத் துடைத்தார். எங்கள் பெயர்களையும் துடைத்தார். இந்த முறை தம்பியோடு சேர்ந்து நானும் அழுதேன். வாங்குபவர்கள் வரத் தொடங்கினார்கள். வண்டி பார்ப்பதற்குப் பளிச்சென்றிருந்தது. நல்ல விலைக்குப் போனால் தெற்குப் புஞ்சையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் என் கணக்கில் முடிவு செய்திருந்தேன்.

முதலில் திருச்சுழிப் பக்கமிருந்து புதிதாகக் கல்யாணமான ஒருவன் மனைவியோடு வந்தான். வண்டி அவனுக்குப் பிடித்துவிட்டது. எதுவும் குறை இருக்கிறதா என்று அவன் கேட்கவே இல்லை. அப்பாவும் எதுவும் சொல்லவில்லை, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பி அம்மாவிடம், "அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடு" என்றார். அம்மா அந்தப் பெண்ணை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். வெளியே வந்த பெண் புருஷனின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து ஒரு குடும்பம் வந்தது. அப்போதும் அப்பா தண்ணி கொடுக்கச் சொன்னார், அவர்களும் போய்விட்டார்கள். அம்மாதான் போட்டுக்கொடுத்துக் காரியத்தைக் கெடுக்கிறாள் என்று எனக்குக் கடும் கோபம். இது தெரியாமல் அப்பா ஒவ்வொரு தடவையும் தண்ணி கொடுக்கச் சொல்லி அவளிடமே அனுப்புகிறாரே என்று அப்பாவின் அப்பாவித்தனத்தை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

ஒருநாள் அம்மா களையெடுக்கப் போயிருந்த நேரத்தில் ஒருவர் தனியாக வந்தார். இன்றைக்கு வண்டி விற்றுப்போய்விடும் என்று நான் விளையாடப் போகாமல் வாசலிலேயே நின்றேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, நாங்கள் எதிர்பார்த்த விலைக்குச் சம்மதிக்கும் முகத்தோடு நின்றார். அப்பா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. தானே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "இங்கன வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்து, தானும் மண்ணில் படுத்து, அவரையும் படுக்கவைத்து, அந்த வெல்டைத் தொட்டுக் காட்டினார்.

அவர் பஞ்சு மெத்தை விற்பவர். யோசித்துவிட்டு, நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு விலை சொன்னார். அப்பா சரி என்றார். வண்டி போய்விட்டது. தெற்குப் புஞ்சை எங்களுக்கு எந்தக் காலத்திலும் திரும்பவில்லை. அதை வாங்கியவர்கள் அதில் இப்போது வீடு கட்டிவிட்டார்கள்.

பொழுது சாய அம்மா வந்தாள். வாசலில் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"அடியில காமிச்சீகளா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"காமிச்சேன்."

அம்மா கை கால் கழுவப் போனாள். என்ன விலை என்று அவள் கேட்கவே இல்லை. பொறுக்க முடியாமல் பின்னாலேயே ஓடி நான்தான் அந்த அநியாய விலையைச் சொன்னேன். அவள் அப்பாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் "சரி" என்றாள். அன்றிரவு அப்பா கேட்காமலேயே அவருக்கு முட்டை பொரித்து வைத்தாள். இருவருக்கும் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அழுதுகொண்டே தூங்கினேன்.