சித்தி வெட்டாமல் விட்ட கை

சித்தி வீட்டு முன்னறைப் படத்தில் அவள் தோள்மேல் ஒரு கை இருந்தது. கைக்குச் சொந்தக்காரர் இல்லை. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்கு முன்னால் என் அப்பா எடுத்த படம். பக்கத்தில் நின்றவர் சித்தியின் அண்ணன், என் தாய்மாமா. பங்குக் கிணற்றில் மோட்டார் போடும் முறை யாருக்கு என்று சண்டை வந்த அன்று, திராட்சைக் குலை நறுக்கும் கத்தரியை எடுத்து, வீட்டிலிருந்த எல்லாப் படங்களிலிருந்தும் மாமாவை நறுக்கித் தள்ளிவிட்டாள் சித்தி. காமயகவுண்டன்பட்டியில் கோபக்காரர்கள் நிறைய உண்டு. இவ்வளவு சுத்தபத்தமாகக் கோபப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை. மாமா மடியில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு நானும் இரண்டு படங்களில் காணாமல் போனேன்.

மாமா கூடலூருக்குக் குடிபோனார். ஒன்பது வருடம் பேச்சில்லை. பிறகு சித்தி மகள், கட்டினால் மாமா மகனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். முறை மாப்பிள்ளை; மறுக்க வழியில்லை. ஆவணியில் பரிசம் போட மாமா வீட்டார் வருவதென்று முடிவானது. மறுநாள் முதல் பஸ்ஸில் தேனிக்கு வந்து என் டி.டி.பி. சென்டர் வாசலில் நின்றாள் சித்தி.

"ஏலே, அண்ணன் வந்தாகன்னா முதல்ல செவத்தத்தான் பாப்பாக. படத்தக் கழட்டி ஒளிச்சு வச்சாலும் ஆணி இருக்கும்ல?"

அப்பா பத்திரப்படுத்திய நெகட்டிவ்கள் ஒரு பவுடர் டப்பாவில் என்னிடம் இருந்தன. அவற்றில் மாமா முழுசாக இருந்தார். ஸ்டூடியோவில் கொடுத்தால் பிரிண்ட் போட்டுத் தருவார்கள்தான். ஆனால் கத்தரி விவகாரம் கம்பம் பஸ் ஸ்டாண்டு வரை நாறிவிடும் என்று சித்தி சம்மதிக்கவில்லை. ஸ்கேனர் வாங்கி நானே செய்கிறேன் என்று வாய் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு. எல்லா ஸ்கேனரும் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டி, இருந்ததில் ஒல்லியாக, அழகாக இருந்ததை வாங்கி வந்தேன். நெகட்டிவை வைத்து ஓட்டினால் கரியாக ஒரு பட்டை வந்தது. துல்லியத்தைக் கூட்டினேன், கரி இன்னும் துல்லியமாக வந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டியதில் பரிசத்துக்கு ஒரு வாரம்தான் மிச்சம். பார்க்க வந்த சித்தி, நெகட்டிவை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பிறகு ஸ்கேனர் மூடியைத் திறந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"வெளிச்சம் பின்னாடி இருந்தாத்தானடா இதுல ஆளு தெரியுது. இங்கன மூடியில ஒண்ணையும் காணமே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி கடைக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். மாட்டுக்குப் பல் பார்ப்பது போல ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தாள். மூடியிலும் விளக்கு இருந்த ஒன்று, பெட்டி கணக்காகப் பெரிசு, மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. பிரித்த சரக்கை மாற்றித் தர முடியாது என்றார் கடைக்காரர். எல்லாம் ஒன்றுதான் என்றீர்களே, அப்படியானால் மாற்றுவதில் உங்களுக்கு என்ன போகிறது என்று சித்தி கேட்டாள். அவர் ஏணியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் கறுப்பு வெளுப்பைத் திருப்பிப் போட்டதும், திரையில் மாமா மீசையோடு வந்து நின்றார். "ஆத்தாடி" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் சித்தி. ஒன்பது வருடமாக அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரிசத்தன்று மாமா, நான் அச்சடித்து மாட்டியிருந்த முழுப் படத்தோடு நின்ற சுவரைத்தான் முதலில் பார்த்தார். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை அப்போது நல்லாத்தான் இருந்திருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னை ஓரம்கட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். அதே வீரபாண்டிப் படம், அவருடைய பிரதி. அதில் சித்தி இல்லை. அவளை நறுக்கிய வேகத்தில் தோளோடு தன் கையையும் நறுக்கியிருந்தார்.

"மாப்ளே, அந்த மெஷின் ஓடுதுல்ல? தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."

மாமாவுக்கும் ஒரு முழுப் படம் போட்டுக் கொடுத்தாயிற்று; ஸ்கேனர் இப்போது பரணில் இருக்கிறது. அதன் மூடிக்கடியில் சித்தியுடையது, மாமாவுடையது என இரண்டு வெட்டுப் படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் சித்தியிடம், அத்தனை கோபத்திலும் அந்தக் கையை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"அதை வெட்டணும்னா என் தோளையும்ல வெட்டணும். அம்புட்டுக் கிறுக்கா எனக்கு?" என்றாள்.

மாமாவின் படத்தைப் பற்றி நான் அவளிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை.