மலைக்கோட்டையை இடித்தவள்

எனக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். வாசலில் ஒரு காய்ந்த இலை கிடந்தால்கூட எனக்குத் தொண்டையில் காபி இறங்காது. ஆபீசில் யாராவது என் மேஜையைக் கலைத்துவிட்டால் அன்று சாயங்காலம் வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட ஒரு பொது மைதானம் வேண்டும் என்று ஒரு வருஷம் ஆலாய்ப் பறந்தவளும் நான்தான், அது கிடைக்கப்போகிற நேரத்தில் காரியத்தைக் கெடுத்தவளும் நான்தான்.

என் மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மாம்பழச்சாலை பக்கம் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய், சைக்கிளோடு விழுந்து, முழங்கை எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே சொல்லிவிட்டேன், இனி ரோட்டில் சைக்கிள் கிடையாது என்று. அவள் அழவில்லை. "அப்ப எங்கம்மா ஓட்டறது?" என்று மட்டும் கேட்டாள். பதில் தெரியாதபோது நான் செய்வதைத்தான் அன்றும் செய்தேன், போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

அவள் வயதில் நான் எங்கே ஓட்டினேன்? அதே வழியில்தான், காவிரிப் பாலத்தின் மேல். பள்ளிக்கூடம் அக்கரையில், டவுனில். அப்பாவின் கறுப்புச் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டு அரைப் பெடல் போட்டுப் பழகி, ஒன்பதாவதில் எனக்கென்று ஒரு லேடீஸ் சைக்கிள் வந்தது. சாயங்காலம் திரும்பும்போது நாங்கள் மூன்று பேர். தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க மிதித்துப் பாலத்தின் மேல் ஏறுவோம். பாலம் முடிகிற இடத்தில் சின்ன இறக்கம் ஒன்று உண்டு. அங்கிருந்து பெடலைத் தொடவே கூடாது. யாருடைய சைக்கிள் அதிக தூரம் போய் நிற்கிறதோ அவள் ஜெயித்தவள். தோற்ற இருவரும் மறுநாள் அவள் பையைச் சுமக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடினால் காற்றில் ஈரவாசனை வரும், வெறும் மணலாகக் கிடந்தால் கண்ணில் தூசி விழும். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். அந்தச் சின்ன இறக்கத்துக்காகத்தான் பாலம் முழுக்க மிதித்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. இந்தக் கதையை என் மகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அலுக்க அலுக்க.

கல்யாணத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. முதலில் பஸ், பிறகு ஸ்கூட்டர்.

மாவுக்கட்டைப் பிரித்த சில வாரங்களில், மகள் சாயங்காலங்களில் வீட்டில் இல்லாமல் போக ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது முட்டி வரை சேறு. என்னிடம் மாட்டாமல் கொல்லைப் பக்கம் போய்க் காலைக் கழுவுவாள். ஒரு நாள் பின்னாலேயே போனேன். கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில், மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு காலி இடம். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய மண்ணை லாரி லாரியாக அங்கே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் ஏழெட்டு பேர் அந்த மண்ணை வெட்டி, சரித்து, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி மேடு மேடாக ஆக்கியிருந்தார்கள். பெயரெல்லாம்கூட வைத்திருந்தார்கள். இரட்டைத் திமில் மாதிரி இருந்தது ஒட்டகம். வட்டமாகத் திரும்புகிற ஓரம் தோசைக்கல். எல்லாவற்றுக்கும் உயரமானது மலைக்கோட்டை. அதன் உச்சியில் நின்றால் ராஜகோபுரம் தெரியும்.

திட்டுவதற்காகத்தான் போனேன். ஆனால் அதற்குள் என் மகள் மலைக்கோட்டை மேல் சைக்கிளை ஏற்றிவிட்டாள். பெடலில் கால் அசையாமல் நிற்க, முடி பறக்க, அவள் இறங்கி ஒட்டகத்தின் மேல் ஏறி, மறுபடி இறங்கி, தோசைக்கல்லில் சாய்ந்து திரும்பி என் எதிரே வந்து நின்றாள். நான் அழுதுவிட்டேன். பயந்துபோய் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த மாசமே ஒரு செய்தி வந்தது. மார்கழியில் கோயிலுக்கு வருகிற வேன்களை நிறுத்த அந்த இடத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிர் வீட்டு மாமா ஓய்வு பெற்ற இன்ஜினியர், மனு எழுதுவதில் கெட்டிக்காரர். அவரை எழுத வைத்து, கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறினேன். உத்திர வீதியில் ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, சைக்கிள் ஓட்ட எதற்கு மைதானம், அதற்குத்தானே ரோடு என்றார். அந்த ரோட்டை நீங்கள் ஒரு தடவை குறுக்கே கடந்து காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாலக்கரையிலிருந்து ஆபீஸ் வருகிற என் தோழி, தன் தெருவில் சேர்த்துக்கொண்டு வந்த தாள்களைப் பார்த்து நானே அசந்துபோனேன். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் பிடித்து வந்து, இங்கே பிள்ளைகளிடம் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டுவார்கள்.

பிறகு திங்கட்கிழமைகள். கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் வரிசையில் நின்று, அங்கிருந்து மாநகராட்சிக்கு, அங்கிருந்து மறுபடியும் கலெக்டர் ஆபீசுக்கே. கால் கடுக்கும், எரிச்சல் வரும், வாசலில் யாரிடமாவது சண்டை போடுவேன். லீவு நாளென்றால் மகளும் கூட வருவாள். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவோம். மனுவின் பின்பக்கத்தில் அவள் மேடுகளைப் படமாக வரைந்து, எது எத்தனை முழம் உயரம் என்று எனக்கு விளக்குவாள். அப்போது தலைவேதனையாக இருந்தது. இப்போது அந்தத் திங்கட்கிழமைகளில் ஒன்று திரும்பக் கிடைக்காதா என்று இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. ஞாயிறு காலை அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்கிறார், பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெருமாள் புறப்பாடு என்றால் வீதியைப் பெருக்கி, பள்ளத்தை மூடி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. யோசித்துச் செய்கிற காரியமில்லை அது, கை தானாகச் செய்யும். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றாலும் கை அதையேதான் செய்யும். சனிக்கிழமை காலை நானும் எதிர் வீட்டு மாமாவும் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தோம். சேறு, பள்ளம், அங்கங்கே பிளாஸ்டிக் குப்பை. "பெரியவா வரச்சே இப்படியா இருக்கறது?" என்றார் மாமா. யோசனை அவருடையது என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது நிஜமில்லை. அவர் சொன்னது அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்தவரிடம் ஜேசிபி கேட்கச் சொன்னது நான். போனில் பாலக்கரைத் தோழி, "மேடு அப்படியே இருக்கட்டுமே அக்கா" என்று இழுத்தாள். உனக்கு எங்கள் ஊர் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன்.

அன்று பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒட்டகம் போயிற்று, தோசைக்கல் போயிற்று, கடைசியில் மலைக்கோட்டை. மண் முழுவதையும் ஆற்றுப் பக்கத்து ஓரத்தில் தள்ளிக் குவித்தார்கள். மைதானம் உள்ளங்கை மாதிரி ஆகிவிட்டது. நான் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து, நுழைகிற இடத்தில் எட்டடிக்குப் படிக்கோலம் போட்டு, செம்மண் இட்டேன். அத்தனை சந்தோஷமாக நான் கோலம் போட்டதே இல்லை.

சாயங்காலம் மகள் யூனிபாரத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோலத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள். அவள் பாராட்டப்போகிறாள் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன் நான்.

"நீ ஓட்டியிருக்கேன்னு சொன்னியேம்மா" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. பாலத்து இறக்கத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்தவள், தன் பெண்ணின் இறக்கத்தை இயந்திரம் வைத்து இடித்துவிட்டு அதன் மேல் கோலம் போட்டிருக்கிறாள். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் அதிகாரி நேரத்துக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளைகளை ஓட்டிக் காட்டச் சொன்னார். என் மகளும் வந்திருந்தாள், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. ஏழெட்டு சைக்கிள்கள் அந்தச் சமதரையில் செக்குமாடு போல இரண்டு சுற்று வந்தன. மூன்றாவது சுற்றில் ஒவ்வொருவராகக் காலை ஊன்றி நின்றுவிட்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

"இதை ஏதாவது ஒரு தெருவுலயே ஓட்டலாமேங்க" என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான். இடம் நல்ல மட்டமாக இருக்கிறது, வேன் நிறுத்துவதற்குத் தோதாக இருக்கும் என்றும் சொன்னார்.

எதிர் வீட்டு மாமா தொண்டையைக் கனைத்தார். நான் முந்திக்கொண்டேன். "சார், நேத்துக் காலைல வரைக்கும் இங்க மேடெல்லாம் இருந்துச்சு. பிள்ளைங்க கையால கட்டினது. நான்தான் இடிச்சேன்."

"ஏங்க?"

"நீங்க வரீங்கன்னு."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்று வரை அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பைக்குள்ளிருந்து மனுவை எடுத்து, பின்பக்கத்தில் மகள் வரைந்த படத்தைக் காட்டினேன். ஏறுவதையும் இறங்குவதையும் பற்றி ஏதேதோ உளறினேன், பாலத்தைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஆற்றோரத்தில் மலையாகக் குவிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். அந்த மண்ணை அள்ளினால்தான் அந்த ஓரத்தில் வேன் நிற்க முடியும், அள்ளுவது இப்போதைக்கு ஆகிற காரியமில்லை, அதனால் அந்த ஓரம் மட்டும் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டு போனார். கேட்டதில் கால்வாசிகூட இல்லை. மிச்சமெல்லாம் வேன்களுக்கு.

மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஆபீசிலிருந்து வந்ததும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நான் தனியாக அந்த ஓரத்துக்குப் போனேன். வெட்டினேன், தட்டினேன், மண் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. இடுப்பு விட்டுப்போனது. பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. அவள் வந்து என் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடிக்க வைத்தாள்.

"அப்படி இல்லம்மா. தண்ணி விட்டுட்டு, பின்பக்கத்தால தட்டு."

இருட்டும் வரை தட்டினோம். மற்ற பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மழைக்காலத்துக்குள் ஒரு சின்ன ஒட்டகமும் அரைத் தோசைக்கல்லும் தயாராகிவிட்டன. மலைக்கோட்டையைக் கடைசியில் கட்டினோம்.

மகள் இப்போது கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறாள். அவளோடு மேடு கட்டியவர்களும் ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். அந்த ஓரத்தில் இப்போது வேறு பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் மண்வெட்டி மாமி. வேன்கள் போட்டுவிட்டுப் போகிற குப்பையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், ஆனால் பிள்ளைகளின் ஓரத்துக்குள் எதையும் நேராக்குவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன். மழை பெய்தால் மேடு கரைந்துவிடும். மறுநாள் காலை வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு, வாளியும் மண்வெட்டியுமாகப் போய் மறுபடி ஏற்றிவிட்டு வருகிறேன். கரைகிற அளவுக்கு ஏற்ற முடிவதில்லை. பழைய மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து ராஜகோபுரம் தெரியும். இதன் மேல் நின்றால் வேன்களின் தலைதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். சாப்பாடு, படிப்பு, அவள் அப்பாவின் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்தபிறகு கேட்பாள்.

"மலைக்கோட்டை எப்படிம்மா இருக்கு? கோபுரம் தெரியுதா?"

"இன்னும் இல்லடி. ஏத்திக்கிட்டே இருக்கேன்" என்பேன்.