மஞ்சள் டப்பாவும் அடையாறு பார்ட்டியும்

தி.நகரில் ஒரு நாலு மாடி ஜவுளிக்கடை. அதன் இரண்டாவது மாடியில் பட்டுப்புடவைப் பிரிவு. அங்கே கழுத்தில் அளவு நாடாவும் முகத்தில் அளவான சிரிப்புமாக நிற்பவர் அய்யாதுரை. மூன்று பெண்கள் சேர்ந்து வந்து, மூன்று பேரும் மூன்று நிறம் சொல்லி, கூட வந்த ஆண்பிள்ளை ‘காபி குடிச்சிட்டு வரேன்’ என்று தலைமறைவாகிவிட்ட கேஸ்களை மேனேஜர் அவரிடம்தான் தள்ளிவிடுவார்.

அய்யாதுரை வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்பதில்லை. கையைப் பார்ப்பார். “பார்டர் ரொம்பப் பெரிசு”, “இது எங்க அத்தை கட்டற கலரு” என்று வாய் எதையாவது குறை சொல்லிக்கொண்டிருக்கும். கை மட்டும் ஒரே புடவைக்குத் திரும்பத் திரும்பப் போய் அதன் முந்தானையைத் தடவும். அந்தப் புடவையை அய்யாதுரை சத்தமில்லாமல் மடித்து முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் வைப்பார்.

“அதை ஏன் உள்ள வெக்கறீங்க?”

“அது வேணாம்மா. அடையாறு பார்ட்டி ஒருத்தங்க எடுத்து வெக்கச் சொல்லியிருக்காங்க. தெரியாம காட்டிட்டேன்.”

பிறகு பில் போடுவதுதான் பாக்கி. அப்படி ஒரு பார்ட்டி அடையாற்றிலோ பூமியில் வேறு எங்குமோ கிடையாது. வந்திருப்பவர்களே அடையாறு என்றால், பார்ட்டி மயிலாப்பூருக்குக் குடி மாறிவிடும்.

இப்படி ஊருக்கெல்லாம் தேர்வு செய்து கொடுத்த மனிதர், தனக்கென்று ஒரு பொருள் வாங்கப் போய் மாட்டிக்கொண்ட கதை இது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யாதுரை எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். ஸ்வர்ணலதா என்ற பாடகி நடத்தும் கல்யாண ரிசப்ஷன் குழுவில் அவருக்கு ஓர் இடம், அந்தக் குழுவின் வேனில் ஜன்னலோரம் ஓர் இருக்கை. வாரம் முழுக்கப் பிறர் தோளில் புடவை போர்த்திக் காட்டும் மனிதருக்கு, தன் தோளில் கிட்டாரை மாட்டிக்கொள்ளும் அந்த மூன்று மணி நேரம்தான் பண்டிகை.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. எல்லா மாப்பிள்ளைகளும் விரும்பிக் கேட்கிற ஒரு பாட்டு இப்போது ஊரில் உலவுகிறது. அதன் ஆரம்பத்தில் கிட்டார் மட்டும் தனியாக வரும். ஒரு சுண்டு சுண்டினால் அது மலையில் பட்ட மாதிரி மறுபடி, மறுபடி, மெலிந்துகொண்டே ஒலிக்க வேண்டும். அதற்கு டிலே பெடல் வேண்டும். காலடியில் வைக்கிற, டிபன் பாக்ஸ் அளவு இரும்புப் பெட்டி அது. கிட்டார் ஒயர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். காலால் ஒரு மிதி மிதித்துவிட்டால், வாசித்ததையே பெட்டி பின்னாலிருந்து திரும்ப வாசிக்கும்.

அய்யாதுரையிடம் அந்தப் பெட்டி இல்லை. போன மாதம் கோடம்பாக்கத்தில் அவர் வாசித்த ஆரம்பம், காய்ந்த அப்பளம் உடைந்த மாதிரி ‘டக், டக்’ என்று விழுந்தது. கீபோர்டு வாசிக்கும் விக்கி சட்டென்று ஒரு பட்டனைத் தட்டி, கீபோர்டிலேயே கிட்டார் ஒலியை எடுத்து, அதில் எதிரொலியும் சேர்த்துவிட்டான்.

“மச்சி, நீ சும்மா கைய ஆட்டிக்கினே இரு. நான் வாசிச்சுக்கிறேன்” என்றான்.

அய்யாதுரை கையை ஆட்டினார். வீடியோக்காரர் அந்தக் கையை நெருக்கத்தில் போய் எடுத்துக்கொண்டார்.

வேனில் திரும்பும்போது ஸ்வர்ணலதா தீர்ப்புச் சொன்னார். “அய்யாதுரை, அடுத்த முகூர்த்தம் மயிலாப்பூர். எக்கோ டப்பாவோட வந்தா வா. இல்லேன்னா அந்தப் பாட்டு விக்கிக்குத்தான். ஒரு பாட்டு போச்சுன்னா மத்த பாட்டும் போகும், பாத்துக்கோ. ஒரு ஆள் கொறைஞ்சா எனக்கு வேன்ல ஸ்பீக்கர் வெக்க எடம் கெடைக்கும்.”

அய்யாதுரைக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. சிந்தாதிரிப்பேட்டையில் ஹபீபுர் ரஹ்மான் என்பவரின் இசைக்கருவிக் கடைக்குப் போனார். பாய் நல்ல மனிதர். எதையும் தலையில் கட்ட மாட்டார். வெள்ளைப் பெட்டி, நீலப் பெட்டி, யாரோ வாசித்துவிட்டு விற்ற மஞ்சள் பெட்டி என்று எடுத்து வரிசையாக வைத்தார். “எல்லாமே நல்லாத்தான் கீது. காதுக்கு எது புடிக்குதோ அத்த எடுத்துக்கங்க” என்றார். அய்யாதுரை மாதிரி ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

வெள்ளை, வாசித்ததை அச்சு மாறாமல் திருப்பிச் சொன்னது. அய்யாதுரைக்கு அது எதிர்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. நீலத்தில் பட்டன்கள் அதிகம்; மேடையில் குனிந்தால் நிமிர்வதற்குள் பாட்டு முடிந்துவிடும். மஞ்சளில் ஒலி திரும்பி வரும்போதே கொஞ்சம் மங்கி, ஒருவர் பேசிக்கொண்டே தெருக்கோடிக்கு நடந்து போகிற மாதிரி போயிற்று. ஆனால் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. ஒரு திருகு ஆடியது.

“பாய், இதே சவுண்டுல இன்னும் கொஞ்சம் லைட்டா இருக்கா?”

“லைட்டான்னா?”

“அதான், இவ்வளவு அடிக்கற மாதிரி இல்லாம.”

பாய் யோசித்துப் பார்த்தார். புரியவில்லை.

அத்தோடு விடவில்லை. கடைக்குள் கேட்கிற ஒலியை நம்பக் கூடாது என்று ஒயரை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்று வாசித்தார். புடவையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை அவர் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார். தெருவில் மீன்பாடி வண்டியும் தண்ணீர் லாரியும் நேருக்கு நேர் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. மூன்று பெட்டிகளையும் படம் எடுத்து மனைவி ஜானகிக்கு அனுப்பினார். ‘மஞ்சள் பளிச்சுன்னு இருக்கு’ என்று பதில் வந்தது. கடைசியில், எந்த வாக்கியத்தை வாடிக்கையாளர் சொன்னால் பில் கிடையாது என்று அர்த்தமோ, அதை அவரே சொன்னார்.

“சரி பாய், ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்.”

அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். இரவில் போனில் பெடல்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பேசுகிற வீடியோக்களாகப் பார்த்தார்.

“ஏங்க, பொண்ணு பாக்க வந்தப்ப கேசரி தட்டைக் கீழ வெக்கறதுக்குள்ள சரின்னு சொன்ன ஆளு நீங்க” என்றார் ஜானகி. “அந்த டப்பா என்ன, உங்ககூட முப்பது வருஷம் குப்பையா கொட்டப்போவுது?”

“அப்ப சாய்ஸே கொடுக்கலையே” என்றார் அய்யாதுரை. அன்று அவருக்குத் தோசை கருகித்தான் வந்தது.

மயிலாப்பூர் முகூர்த்தத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. பாய் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அய்யாதுரை உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இன்னாப்பா, பொடவைக்கட தம்பி தானே நீ?”

அய்யாதுரைக்கு முகம் நினைவு வர ஒரு கணம் ஆயிற்று. பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஷகீலா அக்கா. மகள் சிம்ராவின் நிக்காஹ்வுக்குப் புடவை எடுக்க வந்து ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தவர். மாம்பழ நிறத்தில் ஒரு புடவையையே அவர் கை தடவியது. அடையாறு பார்ட்டியைச் சொல்லித்தான் அய்யாதுரை அதைக் கட்டிக் கொடுத்தார். மறுவாரம் ஜாக்கெட் துணிக்கு வந்தவர், அதே மாம்பழ நிறத்தில் இன்னொரு புடவையை அய்யாதுரை வேறொருவருக்கு விரித்து, அதே பார்ட்டியைச் சொல்லிக்கொண்டிருந்ததை நின்று நிதானமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

“வா, வா. டப்பா பாக்கணுமா? பாரு” என்றார் ஷகீலா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அய்யாதுரை மூன்றையும் மறுபடி மிதித்தார். “மஞ்சள்ல பெயிண்ட் போயிருக்கு” என்றார். “நீலத்துல பட்டன் ஜாஸ்தி.” மஞ்சளை மிதித்தார். “மஞ்சள்ல திருகு ஆடுது.” வெள்ளையை ஒரு முறை. மறுபடி மஞ்சள்.

ஷகீலா எழுந்து வந்தார். மஞ்சள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். அதை எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தார்.

“அதை ஏன் அக்கா உள்ள வெக்கறீங்க?”

“அது வேணாம்பா. அடையாறு ஆளு ஒருத்தர் எடுத்து வெக்கச் சொல்லிக்கீறாரு. நான் பாக்காம உட்டுட்டேன்.”

அய்யாதுரைக்குச் சிரிப்பு வந்தது. தன் பிள்ளை வேறு வீட்டில் வளர்வதைப் பார்க்கிற பூரிப்பு. “அக்கா, என்கிட்டயேவா?”

“அல்லா சத்தியமா, நெசமாத்தாம்பா சொல்றேன்.”

சத்தியம்! இத்தனை வருடத்தில் தானே அந்த அளவுக்குப் போனதில்லையே என்று அவருக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று. பொய் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பொய்யை உலகத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். இருந்தும், அந்த அடையாற்றுக்காரன் அவர் கண்முன் எழுந்து நின்றான். வழுக்கைத் தலை, காரில் வந்து இறங்குகிறான், மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். வேனில் அவருடைய ஜன்னலோர இருக்கையில் ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறது.

“குடுங்கக்கா. எனக்குத்தான் அது.”

“பெயிண்ட் போயிருக்குன்னியே?”

“பரவால்லக்கா.”

“திருகு ஆடுதுன்னியே?”

“ஆடட்டும்க்கா. ஞாயித்துக்கெழம எனக்குப் பொழப்பு இருக்கு.”

ஷகீலா மஞ்சள் பெட்டியை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். “வாயி நொட்ட சொல்லுது, காலு அதுகிட்டயே போவுது. எனக்குத் தெரியாதா? சரி, எடுத்துக்கினு போ. வர்றவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

‘வர்றவனுக்கு’ என்று கடைசிவரை விடாமல் நடித்ததை நினைத்து நினைத்து, அய்யாதுரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீடு போனார்.

மயிலாப்பூர் மண்டபம் பழைய காலத்துக் கட்டடம். உயரமான கூரை. மாலையில், ஆட்கள் வருவதற்கு முன், மைக் சோதனை நடந்தது. அய்யாதுரை மஞ்சளை மிதித்து ஒரு சுண்டு சுண்டினார். பெட்டி திருப்பிச் சொன்னது. பெட்டி சொன்னதை மண்டபம் திருப்பிச் சொன்னது. மண்டபம் சொன்னதைச் சமையற்கட்டிலிருந்து எது என்று தெரியாத ஒரு பாத்திரம் திருப்பிச் சொன்னது. சாம்பாரில் தாளிதம் போட்ட சமையல்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

“மச்சி, மண்டபத்துலயே ஓசியில டிலே கீது” என்றான் விக்கி. “நீ இன்னாத்துக்குக் காசு குடுத்து வாங்கின?”

“அதை அணைச்சுத் தொலை” என்றார் ஸ்வர்ணலதா.

அணைத்துவிட்டு வாசித்தார். மண்டபத்தின் எதிரொலியிலேயே பாட்டின் ஆரம்பம் அழகாக வந்தது. இத்தனை செவ்வாய்க்கிழமைகளையும் நினைத்துப் பார்த்தார் அய்யாதுரை.

ஏழு மணிக்கு மேல் கூட்டம் வந்தது. அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி என்று வரிசை வரிசையாகப் பட்டுப்புடவைகள் வந்து நாற்காலிகளில் அமர்ந்தன. அவற்றில் சில அவர் கையால் மடித்துக் கொடுத்தவை. அடையாறு பார்ட்டியிடமிருந்து காப்பாற்றப்பட்டவை. மாப்பிள்ளை அந்தப் பாட்டைக் கேட்டு அனுப்பினார்.

அய்யாதுரை முதல் தந்தியைச் சுண்டினார். டக்.

அவ்வளவுதான். மண்டபம் வாயைத் திறக்கவில்லை. காலியாக இருந்தபோது அத்தனை பேச்சுப் பேசிய கூரையின் சத்தத்தையெல்லாம், கீழே உட்கார்ந்திருந்த பட்டும் ஜரிகையும் மனிதர்களுமாகச் சேர்ந்து குடித்துவிட்டிருந்தார்கள். ஸ்வர்ணலதாவின் தலை லேசாகத் திரும்பியது. விக்கியின் விரல் கீபோர்டுப் பட்டனை நோக்கி நகர்ந்தது.

அய்யாதுரை யோசித்திருந்தால், அணைக்கச் சொன்னார்களே, மறுபடி மிதிக்கலாமா, ஒரு ரவுண்டு பார்த்துவிட்டு மிதிக்கலாமா என்று நின்றிருப்பார். கால் யோசிக்கவில்லை. நேராக மஞ்சளுக்குப் போயிற்று.

இரண்டாவது சுண்டு மண்டபத்தைக் கடந்து, வாசல் பன்னீர்ச் செம்பைத் தாண்டி, மங்கி மங்கித் தெருக்கோடிவரை நடந்து போனது. விக்கி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மாப்பிள்ளை மொய்க்கவர் வாங்கிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. விக்கியைத் தவிர கேட்ட ஒரே ஆள் ஸ்வர்ணலதா. திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். அவர் பாஷையில் அதற்கு அடுத்த முகூர்த்தத்துக்கும் வா என்று பொருள்.

அடுத்த வாரம் ஷகீலா ஜவுளிக்கடைக்கு வந்தார். உட்காரும்போதே ஆரம்பித்தார்.

“உன்னால எனக்கு வீட்டுல ஒரே பேச்சு. அந்த அடையாறு ஆளு வந்து கத்திட்டுப் போறான். நீ வாங்கினதுக்கு மொத நாளுதான் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனானாம். பாய் என்கிட்ட ரெண்டு நாளா மொகம் குடுத்துப் பேசல.”

அய்யாதுரையின் கையில் விரித்த புடவை பாதியில் நின்றது. “அக்கா… அப்படின்னா நெஜமாவே ஆள் இருந்தாரா?”

“பின்ன? நான் இன்னா, உன்ன மாதிரியா? சத்தியம் பண்ணிச் சொன்னேன்ல. பல்ல காட்டிக்கினு நின்ன.” பேசிக்கொண்டே அவர் கை நீண்டு, அய்யாதுரையின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்த மயில்கழுத்துப் பச்சையைக் காட்டியது. “அத்த எடு.”

அய்யாதுரை அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றார். “அக்கா, அது… அது கோபாலபுரத்துல ஒரு டீச்சர் எடுத்து வெக்கச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கு வந்துருவாங்க.”

ஷகீலா சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “கோபாலபுரமா? புது எடமா கீதே.”

“எங்க அம்மா சத்தியமா அக்கா, இது நெஜம்.”

“சத்தியம் வேற பண்றியா? பண்ணு பண்ணு. பில்லு போடு. இல்லாங்காட்டி மஞ்ச டப்பாவத் திருப்பிக் குடு. அடையாறுகாரன் இன்னும் கேட்டுக்கினேதான் கீறான்.”

மஞ்சள் டப்பா, வேன், ஜன்னலோரம் எல்லாம் ஒரு கணம் அவர் கண்முன் வந்து போயின. அய்யாதுரை பில் போட்டார்.

ஷகீலா பையோடு எஸ்கலேட்டரில் இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து எஸ்கலேட்டரில் கோபாலபுரம் டீச்சர் ஏறி வந்துகொண்டிருந்தார். நடுவழியில் டீச்சரின் பார்வை அந்தப் பையின் வாயில் தெரிந்த பச்சையில் பட்டு, அதைவிட்டு நகராமல் மேலே வந்துகொண்டிருந்தது.

அய்யாதுரை அவசர அவசரமாக ஒரு வாடாமல்லியை உருவி மேஜையில் விரித்துவிட்டு, அதை மடித்துப் பின்னால் வைக்க ஆரம்பித்தார்.