மூன்றாவது டம்ளர்

மூக்கருக்கு மோப்பம் போய்விட்டதாம். பட்டறையில் நேரில் கண்டவர் எவருமில்லை. அடுப்பில் பால் கருகி வீடே புகைந்தபோதும் மனுஷன் அடுத்த அறையில் அசையாமல் பேப்பர் படித்தார் என்று அவர் மனைவி, உதிரிபாகக் கடைக்காரரின் மனைவியிடம் சொன்னாள். அவள் தன் கணவனிடம் சொன்னாள். அவர் ஒரு பேரிங்கோடு சேர்த்து அதையும் மூக்கர் வேலை பார்க்கும் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

செய்தி உண்மைதான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பார்ப்பதில் மூக்கருக்கு முப்பது வருஷப் பேர். மற்றவர்கள் வண்டியைச் சூடேற்றி, மேட்டில் ஏற்றி, ஒவ்வொரு கியரும் எப்போது மாறுகிறதென்று காது கொடுத்துக் கேட்பார்கள். அவருக்கு அதெல்லாம் வேண்டாம். கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நுனியை மூக்கடியில் ஒரு முறை இழுப்பார். "உள்ள கிளட்ச் கருகியிருக்கு, பிரிங்க" என்பார். பிரித்தால் கரியாகத்தான் இருக்கும்.

பேர் வந்தால் வாய் நீள்வது வழக்கம். கணினிப் பெட்டியைச் செருகிக் கோளாறு பார்க்கும் புதிய மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, நாலு வாடிக்கையாளர் முன்னால் கருகிய ஆயில் நனைந்த துணியை அவன் முகத்தில் அழுத்தினார். "நல்லா மோந்து பாரு. நாய்க்குத் தெரியறதுகூட உன் பெட்டிக்குத் தெரியாதுடா." அன்றிலிருந்து அவன் பேர் 'பெட்டி'. பட்டறையே சிரித்தது. உரிமையாளரும் சிரித்தார்; அவர் மூக்கரின் தங்கை கணவர்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. சோப்பு, பெட்ரோல், மனைவியின் தலைமுடி, எல்லாம் வெறும் காற்று. மூக்கர் வாயைத் திறக்கவில்லை. ஆயிலின் நிறத்தைப் பார்த்தார், விரலில் தேய்த்துத் துகள் இருக்கிறதா என்று பார்த்தார், கடைசியில் மூச்சை இழுத்து நடித்தார். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால், "உங்களுக்கே ஓட்டிப் பாக்கணுமா?" என்று ஒருவன் கேட்பான். அதோடு கதை கந்தல்.

ஒருநாள் காலை தங்கை ஒரு பழைய காரோடு வந்தாள். பதினைந்து வருஷ வண்டி, முந்தின நாள்தான் தரகரிடம் வாங்கியது. மகளை விடுதியிலிருந்து கூட்டி வர மலைப்பாதையில் போக வேண்டும்.

"அண்ணா, மேட்டுல ஏறும்போது இன்ஜின் உறுமுது, ஆனா வண்டி நகர மாட்டேங்குது. போகலாமா?"

பட்டறையே வேடிக்கை பார்த்தது. மூக்கர் உள்ளே அமர்ந்து, பிரேக்கை மிதித்து, கியரை 'டி'யில் போட்டார். ஒன்று என்று எண்ணுவதற்குள் கியர் பிடித்து வண்டி லேசாகக் குனிய வேண்டும். மூன்று எண்ணியபின்தான் குனிந்தது. இன்னும் சூடேறவில்லை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பியை உருவினார். செக்கச்செவேலென்று புது ஆயில். பழைய வண்டிக்கு இவ்வளவு சிவப்பு எதற்கு என்று மனசு கேட்டது. பெட்டியின் கண்கள் தன் மேல் இருப்பது தெரிந்தது. மூச்சை நீளமாக இழுத்தார்.

"சுத்தமா இருக்கு. தாராளமா போம்மா."

சாப்பாட்டு வேளையில் தங்கை கணவர் மேசையில் மூடி போட்ட மூன்று டம்ளர்களை வைத்தார்.

"மச்சான், ஒரு சின்ன விளையாட்டு."

"வேலை கிடக்கு மாப்பிள்ளை."

"வேலை எங்கயும் ஓடிப் போகாது. ஊரெல்லாம் கண்டபடி பேசுறானுங்க. ஒரு தடவை காட்டிட்டா வாயை மூடிடுவானுங்கல்ல?"

பெட்டி ஒரு துணியால் அவர் கண்ணைக் கட்டினான். தேவைக்கு மேலேயே இறுக்கினான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னான்.

முதல் டம்ளர் மூக்கருகே வந்தது. "புது ஆயில்" என்றார். யாரோ தும்மலை அடக்குவதுபோல ஒரு சத்தம். இரண்டாவது வந்தது. "இது கருகினது." மூன்றாவதில் நேரம் எடுத்துக்கொண்டார். நிதானமாக மோந்தார், தலையை ஆட்டினார்.

"லேசாக் கருகல். இன்னும் ஆறு மாசம் ஓடும்."

பட்டறை வெடித்துச் சிரித்தது. கட்டை அவிழ்த்தார்கள். முதல் டம்ளரில் கரிபோலக் கருகிய ஆயில். இரண்டாவதில் ஆறிப்போன டீ. மூன்றாவது காலி டம்ளர்.

"காத்துகூட ஆறு மாசம் ஓடுமாம்!" என்று மாப்பிள்ளை தொடையைத் தட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இத்தனை நாளா எத்தனை பேரை ஏமாத்தியிருக்கீங்க மச்சான்!"

மூக்கர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

பெட்டி மட்டும் சிரிப்பைச் சீக்கிரம் முடித்தான். கேட்கும் நேரத்துக்காகத்தான் காத்திருந்தான்போல.

"அது சரி, காலையில அக்கா வண்டியை எதை வச்சுப் பாத்தீங்க?"

மாப்பிள்ளையின் கை தொடையிலேயே நின்றது.

"சொல்லுங்க மச்சான். எதை வச்சு?"

மூக்கர் தரையைப் பார்த்தார். "ஆயில் புதுசா இருந்தது. கருகலை மறைக்கத் தரகன் மாத்தியிருக்கணும். 'டி' போட்டதும் பிடிக்கல. மூணு எண்ணினேன்."

"எண்ணிட்டுத்தான் போகச் சொன்னீங்களா?"

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை போனை எடுத்து, மனைவியின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, டம்ளர்களுக்கு நடுவே வைத்தார். இந்நேரம் மலையில் ஏறிக்கொண்டிருப்பாள். கருகிய கிளட்ச் சூடேறினால் நழுவும். ஏற்றத்தில் நழுவினால் வண்டி பின்னால் உருளும். பின்னால் லாரிகள் வரும் பாதை. அங்கிருந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மறுமுனையில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார்.

"ஓட்டும்போது எடுக்க மாட்டா" என்றார் மூக்கர், மெல்ல. "சின்ன வயசுலருந்தே அவ அப்படித்தான், ஜாக்கிரதை..."

"வாயை மூடுங்க."

மாப்பிள்ளை காலி டம்ளரை எடுத்து அவர் மூக்கில் இடிக்கிறமாதிரி நீட்டினார்.

"மோந்து சொல்லுங்க மச்சான். எங்க இருக்கா அவ?"

மூக்கர் டம்ளரை விலக்கவில்லை. மேசையில் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.