செத்த டிஸ்க்குக்காகக் காத்திருந்த புதுப் பெட்டி

நகரியிலிருந்து போன் வந்தபோது திருப்பதியில் என் சர்வீஸ் கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேசியது லட்சுமி. எட்டு விசைத்தறி வைத்திருப்பவர். சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தறிக்கு ஏற்றுபவர். கம்ப்யூட்டர் செத்துவிட்டதாம். சாயங்கால பஸ்ஸில் மாதிரித் துணி சித்தூர் போகாவிட்டால் கடைக்காரர் கல்யாண ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

நான் பயப்படவில்லை. பயந்திருக்க வேண்டும். அவருக்கு நான் போட்டுக் கொடுத்திருந்தது ஒரு வகை லினக்ஸ் இயங்குதளம். நமக்கு வேண்டியதை எழுதிவைத்தால் போதும், சிஸ்டம் அதைப் படித்துத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். என்ன சாப்ட்வேர் வேண்டும் என்பதற்கு ஒரு பைல். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்ன டிஸ்க், என்ன கிராபிக்ஸ் கார்டு என்பதற்கு இன்னொரு பைல். இரண்டும், அவருடைய டிசைன்களும் என் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. இருபத்தைந்து வருஷத் திமிரும் கூடவே இருந்தது.

புதுப் பெட்டியோடு போய், இரண்டு பைலையும் காப்பி செய்து இன்ஸ்டால் செய்தேன். ரீபூட் செய்தால், ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகத் திரையில் ஒரு வரி. பத்து நிமிஷம் கழித்தும் அதே வரி. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். ரேமைத் துடைத்தேன். கரண்ட்டைத் திட்டினேன், டிஸ்க் விற்றவனையும் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மணி பன்னிரண்டாகிவிட்டது, தறிகள் சும்மா நின்றன.

லட்சுமி மெதுவாகக் கேட்டார். "அண்ணா, அது எந்த டிஸ்க்க தேடிக்கினு கீது?"

நம்பரைப் பார்த்தேன். பழைய பெட்டியின் டிஸ்க்; நான் காப்பி செய்த இரண்டாவது பைலில் இருந்த நம்பர். அது மூலையில் செத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதை அவரிடம் சொன்னேன்.

"டிசைன் எல்லா தறிக்கும் ஒண்ணுதாண்ணா. ஆனா நூல தூக்குற கொக்கி எத்தினி கீதுன்னு அந்தந்த தறிய எண்ணிப் பாத்துதான் எழுதுவோம். நீ இந்தப் பொட்டிய பாக்கவே இல்லியா?"

பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வன்பொருளைக் கண்டுபிடித்து எழுதும் கமாண்டைப் புதுப் பெட்டியிலேயே ஓட்டி, அது எழுதிய பைலை வைத்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். பெட்டி எழுந்தது. மாதிரித் துணி சாயங்கால பஸ்ஸில் போனது, ஆர்டரும் கிடைத்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன வேண்டும் என்பதை எங்கிருந்து வேண்டுமானாலும் காப்பியடியுங்கள். என்ன இருக்கிறது என்பதை மட்டும் அந்தப் பெட்டியிடமே கேளுங்கள். அன்று பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை நம்பி, இல்லாத டிஸ்க்குக்காக மரியாதையாகக் காத்திருந்தது.